கணக்கில் இல்லாத இரும்பு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போன பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் குறைத்துத்தான் சொல்வார்கள்.

மதுரைத் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த ஒரு கொட்டகையைப் பிடித்து, சாணி நாற்றம் போவதற்குள் அதைத் தகரப் பெட்டிக் கடையாக்கினேன். மேற்கே உசிலம்பட்டி வரைக்கும் பெண்ணுக்குச் சீர் என்றால் என் கடைப் பெட்டிதான். டூரிங் சினிமாக்காரனுக்குக் கூடாரம் தைத்தேன். ஆடிக் காற்றில் கம்பம் முறிந்தது, என் தையல் பிரியவில்லை. போர் வந்தபோது பட்டாளத்துக்குக் கித்தான் கட்டிலும் தோள்பையும் தைத்துக் கொடுத்தேன். சரக்கு வாங்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் தையலை இழுத்துப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், கடைசியில் பல்லால் கடித்துப் பார்த்தான். பல் வலித்ததோ என்னவோ, மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனான். பசுமலையில் கருங்கல்லில் ஒரு வீடு எழுப்பினேன். அந்த வீட்டுக்கு வெட்டிய கிணற்றில் பாறை வந்தது. எல்லோரும் மூடிவிடச் சொன்னார்கள். நான் வெடி வைத்துத் தண்ணீர் பார்த்தேன். இம்புட்டையும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

இதெல்லாம் போக இன்னொன்றும் செய்தேன். கையில் தூக்கிப் போகிற ஒரு பை. விமானம் ஓட்டப் போன என் அக்காள் மகனுக்காக நானே வெட்டி, நானே தைத்தது. நான் செய்தவற்றிலேயே சிறியது அதுதான். அதைத்தான் நான் செய்யவில்லை என்கிறார்கள்.

எங்களுடையது மேற்குச் சீமையில் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஒரு வருஷம் நான் மதுரைக்கு நடந்து வந்தேன். கிடைத்த வேலை, ஜட்காக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற ஒருவரிடம். தோல் வேலை. ஒரே நூலின் இரண்டு நுனியிலும் இரண்டு ஊசியைக் கோத்து, எதிரும் புதிருமாக ஒரே ஓட்டையில் இழுத்துத் தைக்கிற தையலை அவரிடம்தான் கற்றேன். ஒரு பக்கம் நூல் அறுந்தாலும் மறு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். தையல் கொஞ்சம் சாய்ந்து வரும், மழை காற்றில் சாய்ந்து விழுகிற மாதிரி. சேதி ஊருக்குப் போனது. உழுகிற குடும்பத்தில் பிறந்தவன் மாட்டுத் தோலைத் தொட்டுவிட்டான் என்று ஊரில் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்க மறுத்தார்கள். என் அக்காள் மட்டும் கொடுத்தாள். புருஷன் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டே எனக்குச் சோறும் போட்டாள். அதனால்தான் தோலை விட்டுத் தகரத்துக்கும் கித்தானுக்கும் வந்தேன். ஊருக்காக வரவில்லை, அவளுக்காக வந்தேன்.

அவள் புருஷன் காய்ச்சலில் போனதும் அவளையும் இரண்டு பையன்களையும் பசுமலை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. பெரியவனை நான்தான் படிக்க வைத்தேன். போர்க்காலத்தில் அவன் விமானப் படையில் சேர்ந்தான். இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். போர் முடிந்து ஒரு நாள் கடைக்கு வந்து நின்றான். வெயிலில் கறுத்து, எலும்பும் தோலுமாக இருந்தான்.

“மாமா, ஒரு விமானக் கம்பெனியில வேல கெடச்சிருக்கு. ஜனங்கள ஏத்திட்டுப் போற ப்ளேன். நான் ரெண்டாவது பைலட்.”

“எண்ணெய் போடுறதா?”

“ஓட்டுறது மாமா. அங்கயும் ஓட்டிட்டுத்தான் இருந்தேன்.”

“ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் மொதல்ல இங்க வந்தேன்.”

நான் சொன்னேன். அக்காள் அன்று முழுதும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வந்து, தாய்மாமன் சீர் செய்யாமல் தன் பிள்ளை அந்த வேலைக்குப் போகக் கூடாது என்றாள். காது குத்துக்குச் செய்தேன், முடியிறக்குக்குச் செய்தேன். வேலைக்குப் போகிறவனுக்கு மாமன் சீர் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அவளோ விடவில்லை. “மண்ணு மேல நடக்குற வேலைன்னா நான் கேக்க மாட்டேன் தம்பி. அந்தரத்துல போறான். ஒறமொற கை பட்டதோட போகட்டும்” என்றாள்.

ஆக, விமானம் ஓட்டுகிறவனுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் என் பொறுப்பில் வந்தது.

பட்டாளத்தில் கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருந்தார்கள். அவனிடம் மிஞ்சியது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு சின்னத் திசைகாட்டி மட்டும். கம்பெனியோ சட்டை, பூட்ஸ், கண்ணாடி, டார்ச் லைட்டு, வெளியூரில் தங்க ஒரு பெட்டி, வரைபடங்கள் வைக்க ஒரு கைப்பை என்று எல்லாம் அவனையே கொண்டு வரச் சொல்லியிருந்தது. பெட்டி என்றதும் நான் கடையில் இருந்ததிலேயே நல்லதை இறக்கினேன். பச்சை வர்ணம், மூடியில் தாமரை. அவன் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

“மாமா, இந்தப் பெட்டிய ஏத்துனா ரெண்டு பயணிய எறக்கிவிடணும்.”

“எறக்கிவிடு. நடந்து வரட்டும்.”

சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதத்தில்தான். கடைசியில் கித்தான் சூட்கேஸ் ஒன்றைச் செய்து கொடுத்தேன்.

சட்டை தைக்கப் பக்கத்துச் சந்துத் தையற்காரரிடம் போனோம். சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குள் தங்கள் பாஷையில் சம்சாரத்தோடு சண்டை போட்டுக்கொண்டே வாசலில் நம்மோடு தமிழில் சிரித்துப் பேசுவார். வெள்ளை டிரில் துணியை விரித்து அளவு எடுத்தார்.

“தோள்ல கோடு எத்தன தம்பி?”

“ரெண்டுங்க.”

“நாலா வச்சுத் தச்சிர்றேன். மேல போன பெறகு எவன் எண்ணப் போறான்?”

“கீழ எறங்கணுமில்ல?”

“அது சரி. எறங்கித்தான ஆகணும்” என்றார் தையற்காரர். அப்போது மூன்று பேரும் சிரித்தோம்.

கறுப்புக் கண்ணாடி பட்டாளத்து ஏலச் சரக்கில் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவனைப் பார்த்து, “என்னடா, கண்ணு நோவு வந்தவன் மாதிரி இருக்க” என்றாள் அக்காள். பூட்ஸ் தைக்கக் கொடுத்தோம். அது தோல்தான், வேறு வழியில்லை. பை விஷயத்தில்தான் வழக்கு வந்தது.

தன்னோடு வேலை செய்யப் போகிறவர்கள் எல்லோரும் தோல் பைதான் வைத்திருப்பார்கள் என்றான் அவன். பழுப்பு நிறம், மேலே அகலமாகத் திறக்கும், உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்கும். அப்படி ஒன்று செய்ய எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சேணம் தைத்த கை. ஆசையும் வந்தது. அக்காள்தான் குறுக்கே நின்றாள். பையைக் குலசாமியிடம் வைத்து எடுக்காமல் பிள்ளை தொடக் கூடாது. கீழக்குயில்குடி மலையடியில் இருக்கிற கருப்புதான் எங்கள் சாமி. அங்கே இடுப்பு வாரைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தோல் பையைக் கொண்டு போய் எப்படி வைப்பது?

“பூட்ஸ் மட்டும் போகலாமா?” என்றான் அவன்.

“பூட்ஸ் காலுக்கு. அது சாமிகிட்ட வர வேண்டாம். பை கையில இருக்குறது. கூடவே வாரது.”

சரி, கித்தானிலேயே தோல் பை மாதிரி செய்கிறேன் என்று நான் சொன்னேன். செய்தேன். கூடாரத்துக்கு வாங்கிய கித்தானை ஆளி விதை எண்ணெயில் ஊற வைத்துக் காய வைத்து, மறுபடி ஊற வைத்து, தண்ணீர் பட்டால் உருண்டு ஓடுகிற மாதிரி ஆக்கினேன். தேயிலைப் பெட்டியில் வருகிற மெல்லிய பலகையை உள்ளே சட்டமாகக் கொடுத்தேன். கைப்பிடிக்குக் கயிற்றை முறுக்கி மேலே கித்தான் சுற்றினேன். மூலைக்கு இரும்புப் பட்டை, இரும்பு ரிவிட், இரும்புப் பூட்டு. சட்டத்தை நிறுத்திக் காட்டியபோது அவன் சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து வெட்டுமேஜையில் வைத்தான்.

“மாமா, ஒங்க கத்திரிக்கோல இதுக்குப் பக்கத்துல கொண்டாங்க.”

கொண்டு போனேன். முள் ஆடி, வடக்கை விட்டுவிட்டுக் கத்திரியைப் பார்த்து நின்றது. எடுத்தேன், திரும்பிப் போயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து முறை செய்து பார்த்தேன்.

“ப்ளேன்லயும் இரும்பு கெடக்குமே. இஞ்சினே இரும்புதான?”

“அதுக்கெல்லாம் கணக்குப் போட்டு முள்ளத் திருத்தி வச்சிருப்பாங்க மாமா. கணக்குல இல்லாத இரும்புதான் மோசம். மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. முள்ளத்தான் நம்பணும். அது துளி சாஞ்சு காமிச்சாலும் ஊரு எங்கயோ இருக்கும், நாம எங்கயோ போயிருப்போம். பை என் சீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கும். அதுல பொட்டு இரும்புகூட இருக்கக் கூடாது.”

பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நான் மூன்றாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன். சட்டத்தை அப்படியே பிரித்துப் போட்டேன். கோயில் மணி வார்க்கிறவரிடம் போய் நின்று மூலைப் பட்டை, ஆணி, பூட்டு, சாவி எல்லாம் பித்தளையில் செய்ய வைத்தேன். பூட்டுக்குள் இருக்கிற சுருள்கூடப் பித்தளை. அவர் முடியாது என்றார். நான் அங்கேயே உட்கார்ந்தேன். முடிந்தது. பை முழுதையும் இரட்டை ஊசித் தையலில் என் கையாலேயே தைத்தேன், கடையில் ஆள் இருந்தும் ஒருவனையும் தொட விடவில்லை. முடித்து வைத்து நாலு பக்கமும் திசைகாட்டியைக் காட்டினோம். முள் அசையவில்லை.

சீர் எடுத்துப் போன நாளில் பசுமலைத் தெருவே வாசலுக்கு வந்தது. கொட்டு முன்னால் போக, தாம்பாளத்தில் வெள்ளைச் சட்டை, தாம்பாளத்தில் டார்ச் லைட்டு, தாம்பாளத்தில் கறுப்புக் கண்ணாடி, பழம், வெற்றிலை. பூட்ஸைத் தாம்பாளத்தில் வைக்க மாட்டோம் என்று பெண்கள் சொன்னதால் தையற்காரர் அதைக் காகிதத்தில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரமாக வந்தார். பையை நான் சுமந்தேன். அந்தத் தெருவில் என்னைவிட நெஞ்சை நிமிர்த்தி ஒருவன் நடந்திருந்தால் சொல்லட்டும்.

அங்கிருந்து வண்டி கட்டிக் கீழக்குயில்குடி போனோம். அவன் கைக்கடிகாரத்தின் தோல் வாரைக்கூட அக்காள் கழற்றச் சொன்னாள். பையைக் கருப்பின் முன் வைத்துப் பூசாரி திருநீறு போட்டார். அக்காள் அவரோடு தனியே நின்று ஏதோ பேசினாள். நான் பொங்கப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கிளம்புகிற வரை பை வீட்டில் அக்காளிடமே இருந்தது.

கிளம்புகிற அன்று மத்தியானம், சாயங்கால ரயிலுக்கு முன்னால், அவன் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். தையற்காரர் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்து எடுத்து வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, பைக்குள்ள எங்கயோ இரும்பு இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “என் பையிலயா? என்ன பேச்சு பேசுற மாப்ள. ஒரு குண்டூசி இருந்தா நான் கடைய மூடிட்டுப் போறேன்.”

“அவசரப்பட்டு மூடிராதீங்கண்ணே” என்றார் தையற்காரர்.

அவன் திசைகாட்டியைப் பையின் இடது பக்கம் வைத்தான். முள் திரும்பிப் பைக்குள் பார்த்தது. உள்பக்கம் வைத்துத் தைத்திருந்த துணி மறைப்பைத் தடவினேன். அடியில் ஓரிடம் கனத்தது. வெளிச்சத்தில் பார்த்தால், என் தையலை அந்த இடத்தில் பிரித்து, வீட்டுத் தையல் ஊசியால் எட்டி எட்டி ஓட்டியிருந்தது. அக்காளின் கை. கத்தி முனையால் பிரித்தேன். மஞ்சள் துணியில் சுற்றி, விரல் நீளத்துக்கு ஒரு அரிவாள். கருப்பின் காலடியில் வைத்து எடுக்க என்று கொல்லன் அடித்துக் கொடுப்பது. திருநீறு இன்னும் ஒட்டியிருந்தது.

நான் கருப்புக்குப் பயந்தவன், இன்றும் பயந்தவன். தையற்காரர் எழுந்து செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

“தம்பி, அம்மா காவலுக்கு வச்சது. அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்றார்.

“நான் மட்டும் போனா வச்சுக்கிருவேங்க. பின்னால ஜனம் ஒக்காந்திருக்கும்.” பிறகு என்னைப் பார்த்தான். “எடுத்துருங்க மாமா. நானே எடுத்திருப்பேன். கை வரல.”

“அக்காகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

“சொன்னா அனுப்பாது. இல்லன்னா வேற எதுலயாவது தச்சு வைக்கும், எனக்குத் தெரியாமலே போயிரும். ஒங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

நான் எடுத்தேன். அவன் சொல்லி எடுத்தேன். எடுத்த இடத்தை மறுபடி தைத்து மூடினேன். அக்காள் தைத்த மாதிரியே எட்டி எட்டித் தைத்து வைத்திருக்கலாம் என்று பின்னால் தையற்காரர் சொன்னார். நானும் யோசிக்காமல் இல்லை. மோசமாகத் தைக்க என் கைக்கு வரவில்லை. இரட்டை ஊசியில், சாய்வாக, மற்ற இடம் எப்படியோ அப்படியே தைத்தேன். திசைகாட்டியை வைத்துப் பார்த்தான். முள் வடக்கே நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு, “வாரேன் மாமா” என்றான்.

மறுநாளே கீழக்குயில்குடி போனேன். அரிவாளைக் கருப்பின் காலடியில் வைத்தேன். அங்கே அந்த மாதிரி எத்தனையோ துருப்பிடித்துக் கிடக்கும். “ஒன் இரும்பு ஒங்கிட்டயே இருக்கட்டும். பிள்ளைய இங்கேருந்தே பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். பூசாரி அன்று இல்லை. சாட்சி யாரும் இல்லை.

அடுத்த தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மேற்கு மலையைத் தாண்டும்போது விமானம் விழுந்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. மழையில் மலையேறிப் போய்ச் சேரவே தேடிப் போனவர்களுக்கு நாளாயிற்று. எல்லாம் எரிந்திருந்தது, யார் எவர் என்று பிரிக்க முடியவில்லை. அங்கேயே மொத்தமாகக் கொள்ளி வைத்து, அந்தச் சாம்பலில் ஆளுக்குக் கொஞ்சம் என்று கலயத்தில் அள்ளி அனுப்பினார்கள். அதில் என் மாப்பிள்ளையும் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் கலயத்தையும் பையையும் கொண்டு வந்தார். பை தெறித்துப் போய் ஒரு மரக்கிளையில் தொங்கியதாம். மலைக்காரர்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மூலை நசுங்கியிருந்தது. பூட்டு திறக்கவில்லை. அதிகாரியே என்னிடமிருந்த மாற்றுச் சாவியை வாங்கித் திறந்தார். நாள் கணக்கில் மழையில் கிடந்தும் உள்ளே வரைபடங்களில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. துக்க வீடு என்று நான் வாயை அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்: ஒரு பொட்டு ஈரம் இல்லை.

நான் அந்த அதிகாரியை வெளியே கூட்டிப் போய்க் கேட்டேன்.

“வழி தப்பிப் போயிட்டாங்களாய்யா?”

“இல்லைங்க பெரியவரே. ஒரு இஞ்சின் நின்னுபோச்சு. மேகத்துக்குள்ள இருந்துக்கிட்டு உயரம் பிடிக்க முடியல. வழியெல்லாம் தப்பல. வரைபடத்துல கோடு போட்டிருந்தாங்க பாருங்க, அந்தக் கோட்டு மேலதான் கெடந்தது.”

“முள்ளு சரியா நின்னிருக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஆமாங்க. திசை சரியாத்தான் இருந்திருக்கு” என்றார்.

நான் உள்ளே வந்தபோது அக்காள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வரைபடங்களைத் தரையில் எடுத்து வைத்துவிட்டாள். விரலால் உள்மறைப்பைத் தடவிக்கொண்டே போனவள், இடது பக்கம் அடியில் நிறுத்தினாள். அவள் கண் தையலைத்தான் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் தெரிந்திருக்காது. நான் சேணம் தைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து என் கையைப் பார்த்தவள் அவள்.

“இது ஒன் தையல் தம்பி.”

அந்த இடத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“எங்க?”

“கருப்புகிட்டயே வச்சுட்டேன்க்கா. அவந்தான் எடுக்கச் சொன்னான். முள்ளு திரும்புது, ஜனம் இருக்குன்னான்.”

“அவஞ் சொன்னான். செத்தவன் வந்து இல்லன்னு சொல்லப் போறானா?”

“தையக்காரண்ணனக் கேளு.”

“ஒன் வாசல்ல ஒக்காந்து காப்பி குடிக்கிற ஆள். கேட்டா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாதா?”

“ஆபீசரக் கேளுக்கா. ப்ளேனு கோட்டு மேலதான் கெடந்துச்சாம். திசை தப்பல.”

“எனக்கு எதுக்குத் திசை? எம்புள்ள எங்க?”

நான் தரையில் கிடந்த வரைபடங்களை எடுத்து மடித்தேன்.

கருமாதி அன்று, கொள்ளிக் காரியம் செய்த இளையவனுக்குத் தாய்மாமன் தலையில் உருமால் கட்ட வேண்டும். புதுத் துணியை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்தேன். அக்காள் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, உறவுமுறை அத்தனை பேரும் பார்க்க, “அந்தக் கை எம்புள்ள தலையத் தொட வேண்டாம்” என்றாள். சித்தப்பா மகன் ஒருவனை, எங்களோடு வருஷக் கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதவனை, எழுப்பி உருமால் கட்ட வைத்தாள். நான் துணியை மடித்தபடியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தையற்காரர் கூட வந்தார்.

அந்த மாதமே இளையவனைக் கூட்டிக்கொண்டு நான் கட்டிய வீட்டை விட்டுத் தல்லாகுளத்தில் வாடகைக்குப் போனாள். அதன் பிறகு என் அக்காள் என்னோடு பேசவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் முந்தானையை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கட்டிய கிணற்றுத் தண்ணீரை நான் மட்டும் இறைத்துக் குடித்தேன். அவள் கண் மூடியபோது பிறந்த வீட்டுக் கோடித் துணி எடுத்துப் போனேன். வாங்கி ஓர் ஓரமாக வைத்தார்கள். மேலே போர்த்தினார்களா என்று பார்க்க நான் நிற்கவில்லை. தையற்காரரும் போய்விட்டார். அந்த மத்தியானத்தைப் பார்த்தவர்களில் இனி நான் ஒருவன்தான்.

இளையவன் இப்போது வக்கீல். தல்லாகுளத்தில் சொந்த வீடு கட்டியிருக்கிறான். முன் அறையில் அண்ணன் படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் அந்தப் பையை வைத்திருக்கிறான். கோர்ட்டுக்காரர்கள், காலேஜ்க்காரர்கள் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். மதராஸில் ஒரு வெள்ளைக்காரன் கடையில் வாங்கியது, அதனால்தான் இத்தனைக்கும் பிறகு முழுசாக நிற்கிறது என்று சொல்கிறானாம். அப்படித்தான் அவன் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். என் பேரை அந்த வீட்டில் எடுக்காமல் இருக்க அவளுக்கு அது வேண்டியிருந்தது. அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள். இனி உன்னிடமே சொல்கிறேன், சின்ன மாப்பிள்ளை. நீ படித்தவன். சாட்சியை எடைபோடுவது உன் தொழில்.

கண்ணாடியைத் திறந்து பையை வெளியே எடு. உள்மறைப்பில் இடது பக்கம் அடியில் பார். அங்கே இருக்கிற தையலையும் மற்ற இடத்துத் தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எந்த வெள்ளைக்காரன் கடையில் இந்தச் சாய்வு வரும்? பிறகு ஒரு திசைகாட்டி வாங்கிப் பைக்குப் பக்கத்தில் வை. முள் அசைந்தால் நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அசையாது. அசையாததைப் பார்த்த பிறகு அந்த அலமாரியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டு. நாலு பேர் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், தமிழில் எழுது. இந்தப் பையைச் செய்தது மேலே படத்தில் இருக்கும் இவருடைய தாய்மாமன். அதிலிருந்த இரும்பை இவர் கேட்டபடி எடுத்ததும் அவரே. விமானம் வழி தப்பவில்லை. இந்த மூன்றையும் எழுது, ஒன்றையும் விடாதே.